காப்புக்கு மேல் மாட்டிய கையுறை

போன வருஷம் சித்திரை மாதம், திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

எனக்கு ஊர் திருவாமாத்தூர் பக்கம். பத்தாவது வரை படித்தேன். விழுப்புரத்தில் ஒரு மெஸ்ஸில் பல வருஷம் சமையல் வேலை பார்த்தேன். அதை மூடிவிட்டார்கள். வீட்டுக்காரர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு அவரால் கனமான எதையும் தூக்க முடியவில்லை. அந்த நேரத்தில்தான், திண்டிவனத்துக்கு வெளியே புதிதாக வந்த தின்பண்டக் கம்பெனியில் எண்ணெய்க் கொப்பரைப் பகுதிக்குப் பெண்கள் வேண்டும் என்று தெரிந்தது. எப்படியாவது இந்த வேலை கிடைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

நான் பொதுவாக வாய் திறக்காத ஆள். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூட, அவர்களாகப் பார்த்து எடுக்கட்டும் என்று நின்றுகொண்டிருப்பேன்.

அப்போது என் இடது மணிக்கட்டில் காப்பு கட்டியிருந்தது. வீட்டுக்காரர் எழுந்து நடந்தால் தீமிதிக்கிறேன் என்று எங்கள் ஊர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டை மஞ்சள் தடவிய நூலில் கோத்துக் கட்டுவார்கள். திருவிழா முடிந்து பூசாரி கையால்தான் அவிழ்க்க வேண்டும். அதற்கு முன் அறுந்தால் ஆகாது என்ற பயம் சின்ன வயதிலேயே ஊறிப்போனது. இரவு ஊரில் இருந்தால் போதும், பகலில் வெளியே போய் வரலாம் என்று பூசாரி சொன்னதால்தான் திண்டிவனத்துக்குக் கிளம்பினேன்.

மண்டபத்தில் பொண்ணு மாப்பிள்ளை உட்காரும் மேடையில் ஒரு பெரிய டிவியும் ஒரு மேசையும் வைத்திருந்தார்கள். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் கொஞ்சம் பேர். என் பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு அம்மா இருந்தார்கள். ஊர் கோட்டக்குப்பம். ஏறக்குறைய என் வயதுதான், ஆனால் வந்து உட்கார்ந்ததிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"இன்னாக்கா, கைய முந்தானைக்குள்ள மறைச்சிக்கினு ஒக்காந்திருக்கீங்க? எதனா திருடிக்கினு வந்துட்டீங்களா?"

காப்பைக் காட்டினேன். "ஓ, நெருப்புல எறங்கறதா?" என்று கண்ணை விரித்தார்கள். "எனக்கு அடுப்புல எறங்கறதே பேஜாரு."

பயிற்சி கொடுக்க வந்தவர் இளம் வயதுக்காரர். கம்பெனியில் சூடான எண்ணெய் குழாயில் ஓடும், எங்காவது கசிந்து தீப்பிடித்தால் வால்வை மூட வேண்டும், அதை நிஜ எண்ணெயில் பழக முடியாது, அதற்காகத்தான் இந்தக் கருவி என்றார். கண்ணில் மாட்டும் பெட்டிக்குள் பேக்டரி முழுக்கத் தெரியுமாம், அதுவே டிவியிலும் ஓடுமாம். அதோடு இரண்டு கையுறைகள். ஒவ்வொரு விரலிலும் மெல்லிய கம்பி ஓடியது. மணிக்கட்டுக்குக் கீழ்ப்பக்கம் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பேட்டரிப் பெட்டி, அதை இறுக்கிக் கட்ட ஒரு பட்டை, கொக்கி. கண்ணில் மாட்டிய பெட்டிக்குள் தெரிகிற பொருளைத் தொட்டால் நிஜமாகத் தொட்டது போலவே இருக்குமாம்.

"சூடு கூட வரும்மா. ஆனா பொய்ச் சூடு, டீ கிளாஸைப் புடிச்ச மாதிரி. அதுக்கு பயந்துக்கினு கைய ஒதறினா ஃபெயில். அங்க ஒதறினா எண்ணெய் மேல கொட்டிடும். கத்தாம, அசையாம வால்வ மூடுறவங்கதான் பாஸ்."

"முறுக்கு வாசனை வருமா தம்பி?" என்று பக்கத்து அம்மா கேட்டார்கள்.

"வாசனை வராதும்மா. கண்ணு, காது, கை. அவ்ளோதான்."

"அப்ப மதியம் வாசனையோட சாப்பாடு நீங்கதான் போடணும்."

எல்லோரும் சிரித்தோம். எனக்கு முன்னால் போன பெண், நெருப்பைப் பார்த்ததும் வீலென்று கத்திக் கையை உதறினாள். அதற்கும் சிரித்தார்கள். "அடுத்த தடவை பாக்கலாம்மா" என்று அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கத்தமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் முறை வந்தது. பயிற்சியாளர் வளையலைக் கழற்றி வைக்கச் சொன்னார். கழற்றினேன். காப்பைப் பார்த்துத் தயங்கினார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"எங்கம்மாவும் கட்டுவாங்க. கழட்டக் கூடாதுல்ல? இருக்கட்டும்" என்று சொல்லி, மஞ்சள் துண்டைப் பட்டைக்கு உள்ளே நகர்த்திவிட்டு, அதற்கு மேலேயே இறுக்கிக் கொக்கியை மாட்டினார். மரியாதையாகத்தான் செய்தார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

கண்ணில் பெட்டி மாட்டியதும் மண்டபம் காணாமல் போனது. பளபளவென்று ஒரு பேக்டரி. எனக்கு முன்னால் இரண்டு கைகள், நீல உறை போட்டு, அழகாக. நான் விரலை அசைத்தால் அவையும் அசைந்தன. மேசையைத் தொடச் சொன்னார்கள். தொட்டேன். விரல் நின்றது. அங்கே மேசை இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் விரல் அதற்கு மேல் போகவில்லை. உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் ஒரு துணி இருந்தது. அமுக்கினால் அமுங்கியது. ஒரு நிமிஷம் சின்னப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

திடீரென்று சைரன் அலறியது. காதையும் அந்தப் பெட்டி மூடியிருந்ததால் மண்டைக்குள்ளேயே கத்துவது போல் இருந்தது. குழாயிலிருந்து எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு வந்து குப்பென்று பற்றியது. ஓடிப் போய் வால்வின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். விரல் நுனியில் சூடு வந்தது. அவர் சொன்ன மாதிரியே டீ கிளாஸ் சூடு. தாங்க முடிந்தது. சக்கரத்தைத் திருப்பினேன், கனமாகத் திரும்பியது.

பாதி திருப்பும்போது இடது மணிக்கட்டிலும் சூடு வந்தது. அது டீ கிளாஸ் மாதிரி இல்லை. இஸ்திரிப் பெட்டி மாதிரி இருந்தது.

இதுவும் பரீட்சைதான் என்று நினைத்தேன். அதிகமாக்கிப் பார்க்கிறார்கள், யார் தாங்குகிறார்கள் என்று பார்க்கிறார்கள் என்றே நினைத்தேன். எங்கள் ஊரில் தீக்குழியில் இறங்கியவர்கள் சுட்டது என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் விரதத்தில் குறை என்பார்கள். அந்தப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. பல்லைக் கடித்தேன்.

கையைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாம் என்றால் இடது கை விரல்கள் வரவில்லை. கம்பிகள் அப்படியே இறுகி நின்றுவிட்டன. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. குனிந்து கையைப் பார்த்தேன். அந்த நீலக் கை ஒரு கீறல் இல்லாமல், புத்தம் புதிதாக, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. எரிகிற கை ஒன்று, கண்ணுக்குத் தெரிகிற கை இன்னொன்று. என் கை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நம் உடம்பு நமக்குத் தெரியாமல் எங்கேயோ கிடக்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் வாசனை வந்தது.

முதலில் பிளாஸ்டிக் கருகும் நெடி. அதற்குள்ளே இன்னொன்று. வாணலியில் மஞ்சள் தீய்ந்தால் வருமே, அந்தக் கசந்த வாசனை. சமையல்கட்டிலேயே கிடந்தவள் என்பதால் அது என்னவென்று உடனே தெரிந்தது. வாசனை வராது என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. தீய்வது என் காப்பு.

கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கண்ணில் இருந்த பெட்டியைக் கழற்றலாம் என்றால் இடது விரல்கள் பூட்டிக் கிடந்தன. வலது கையைத் தூக்கினால் கண் முன்னால் நீலக் கைதான் வந்தது, தலையில் மாட்டிய பட்டை எங்கே இருக்கிறதென்று பிடிபடவில்லை. சைரன் அலறிக்கொண்டே இருந்தது. இங்கேயே, இத்தனை பேர் நடுவில், யாருக்கும் தெரியாமல் வெந்துபோகப் போகிறேன் என்று நினைத்தேன்.

யாரோ என் தலையிலிருந்து பெட்டியைப் பிடுங்கினார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கோட்டக்குப்பத்து அம்மா முக்காடு நழுவி என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். என் மணிக்கட்டிலிருந்து புகை வந்தது. பயிற்சியாளர் டிவியையே பார்த்தபடி, "சூப்பர்மா, அப்பிடியே மூடுங்க" என்று அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். மண்டபமே டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. டிவியில் என் கை நன்றாக இருந்தது.

"யோவ் தம்பி, டிவிய பாக்காத, அக்காவ பாரு! ஜல்தி கழட்டு!"

அவர் ஓடிவந்து கொக்கியை இழுத்தார். அது வரவில்லை. காப்பு நூல் கொக்கிக்குள் முறுக்கிக்கொண்டு இறுகியிருந்தது. பேட்டரிப் பெட்டி ஒரு பக்கம் உப்பிக்கொண்டு வந்தது. "கத்தி, யாராவது கத்தி குடுங்க" என்றார் அவர்.

அன்று முழுக்க வாய் திறக்காத நான் அப்போது சத்தம் போட்டேன். "அறுக்காதீங்க!"

வலி தாங்காமல் அழுதுகொண்டே அதைத்தான் சொன்னேன். கை போகட்டும், நூல் அறுந்தால் வீட்டுக்காரருக்கு என்ன ஆகுமோ என்றுதான் தோன்றியது.

"அக்கா, சாமி உங்ககிட்ட கைய கேட்டுச்சா?" என்று அந்த அம்மா அதட்டினார்கள். அடுத்த நொடி குனிந்து, என் மணிக்கட்டில் வாயை வைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டார்கள். கொக்கி திறந்தது. பயிற்சியாளர் கையுறையை உருவி மேடைக்குக் கீழே வீசினார். அது தரையில் விழுந்து, பாம்பு சீறுவது போல் சீறி, சட்டென்று தீயாகப் பற்றிக்கொண்டது. யாரோ ஓடிப்போய் மணல் வாளியைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒரு மூச்சு நேரத்துக்கு முன்னால் அது இருந்த இடம் என் மணிக்கட்டு.

குழாயடியில் என் கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றது அந்த அம்மாதான். ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்ததும், கைக்குட்டையில் எதையோ சுற்றி என் வலது கையில் வைத்தார்கள். ஒரு பக்கம் கருகிய மஞ்சள் துண்டு.

"கீழ கெடந்துச்சு. மிதிபட வேணாம்னு எடுத்தேன்." அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் குரல் இறங்கியது. "நான் கடிச்சதால உங்களுக்கு சாமி குத்தம் எதனா ஆயிடுமாக்கா?"

எனக்கே அந்தப் பயம் இருந்தது. பதில் சொல்லாமல் வண்டியில் ஏறிவிட்டேன்.

கட்டுப் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் வரும்போது, கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் பத்து தடவை அந்தக் கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்திருப்பேன். வீட்டில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டு, "காப்ப போய் வாயால கடிச்சாங்களாமே!" என்றாள். வீட்டுக்காரர் அவளைக் கவனிக்கவே இல்லை.

"அந்தம்மாவுக்கு ஒதடு எப்பிடி கீது?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவ்வளவு சூடான பெட்டியில் வாயை வைத்த அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல் வந்திருக்கிறேன். நல்லவேளை, காலையில் மண்டபத்தில் பேச்சோடு பேச்சாகத் தன் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். போன் செய்தேன்.

"கொப்புளம்தான்க்கா. மீன் கொழம்ப வாயில வெக்க முடியல. எங்க வூட்ல எல்லாரும் சந்தோஷமா கீறாங்க, நான் பேச மாட்டேன்னு."

சிரித்துக்கொண்டே அழுதேன். "ஒரு குத்தமும் இல்லம்மா" என்றேன். பூசாரியைக் கேட்காமலே சொன்னேன். பிறகு பூசாரியே என் வலது கையில் புதுக் காப்பு கட்டிவிட்டார். ரணத்தோடு இறங்க வேண்டாம், வேண்டுதலை அடுத்த வருஷம் முடித்துக்கொள் என்றார். அந்த வருஷம் தீக்குழி ஓரத்தில் நின்று கும்பிட்டேன். தணலிலிருந்து அனல் முகத்தில் அடித்ததும் கட்டுப்போட்ட கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

காப்பு அழுத்தியதால் பெட்டி பழுதானதா, பெட்டியே கோளாறா என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து கலங்கிப்போய் நின்றார். வேலை உங்களுக்கு உண்டு என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு நிபந்தனை போட்டேன். "போட்டுக்கறவங்க கைய பாக்க ஒரு ஆள் நிக்கணும் சார். டிவிய பாக்காம."

அந்த ஆள் இப்போது நான்தான். எண்ணெய்ப் பகுதி வேலைக்கு நடுவே, புது ஆட்கள் வரும் நாட்களில் என்னைக் கூப்பிடுவார்கள். கோட்டக்குப்பத்து அம்மா பேக்கிங்கில் இருக்கிறார்கள். கீழுதட்டில் சின்னதாக ஒரு வெள்ளைத் தழும்பு, சிரித்தால் தெரியும். என் மணிக்கட்டிலும் சதுரமாக ஒன்று இருக்கிறது.

இன்றும் அந்த மாதிரிக் கையுறையை யாராவது மாட்டினால் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். எல்லோரும் திரையில் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் மாட்டியவர் முகத்தையும் மணிக்கட்டையும் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவர் காதிலும், "சுட்டா சுடுதுன்னு சத்தமா கத்தும்மா, ஃபெயில் ஆனா பரவால்ல" என்று சொல்லும்போது, அதை நான் எனக்கே சொல்லிக்கொள்வது போலத்தான் இருக்கிறது.