தொப்பிக்குள் ஐந்து செவ்வந்தி

ஜேர்மனியில் மகள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் நிற்கிறேன். ஐப்பசிக் குளிர். மரங்களெல்லாம் மஞ்சள் இலையைக் கொட்டுகின்றன. என் கண் பாத்தி நிறையப் பூத்த செவ்வந்தியில்தான். இன்று வெள்ளிக்கிழமை, மகளின் சாமிப் படத்தில் இருப்பதோ பிளாஸ்ரிக் பூ. எங்கள் ஊர் நீர்வேலியில் என்றால் விடியவே எழும்பி எவர் வேலியிலும் பூப் பிடுங்குவேன். சாமிக்கு என்றால் யாரும் ஏசமாட்டார்கள்.

பாத்தியருகே ஜேர்மன் மொழியில் ஒரு பலகை. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அது விளங்கவில்லை. ஆனால் இவ்வளவு நீளமாக எழுதியது, 'வந்து பிடுங்குங்கள்' என்று சொல்வதற்காக இருக்காது. இருந்தும் ஐந்து பூவைப் பிடுங்கிக் குளிர்த்தொப்பிக்குள் போடுகிறேன்.

இலை கூட்டிக்கொண்டிருந்த செம்மஞ்சள் அங்கிக்காரன் என்னை நோக்கி வருகிறான். பொலிசைக் கூப்பிடுவானோ? விசாவைக் கிழிப்பார்களோ? மகளின் வேலை போகுமோ? தொப்பியைப் பூவோடு தலையில் கவிழ்க்கிறேன். ஒரு பூ காதோரம் எட்டிப் பார்க்கிறது.

"அண்ணை, ஊரிலை எவடம்?"

"நீ... நீர்வேலி. தம்பி, சாமிக்குத்தான்..."

"நான் இணுவில். தலையிலை வைச்ச பூ சாமிக்கு ஆகாது அண்ணை, வேறை பிடுங்குங்கோ. நாளைக்கு இதுகளைக் கிளறி எறியிறதுதான். அந்த வெள்ளைப் பூவிலை மட்டும் கை வையாதேங்கோ."

"ஏன் தம்பி, கமரா கிமரா கிடக்கோ?"

"இல்லை அண்ணை. அது பின்னேரப் பூசைக்கு நான் விட்டு வைச்சது."