என் கையா, சயனைட் மண்ணா?

பல்லுக்கடியில் நறநறவென்று மண்... கோலார் தங்கவயலில் ஆடிக்காற்று தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

சயனைட் ஊற்றித் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண் ஊரைச் சுற்றி மலைமலையாக நிற்கும். சயனைட் மேடு என்போம். காற்றடித்தால் சோற்றிலும் அதுதான், தலையணையிலும் அதுதான்.

எழுபதுகளின் தொடக்கம். பாலகாட் மைன் லைன் வீட்டிலிருந்து நடந்தே ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்குப் போவேன். ஆறு மாதம் டெம்பரரி. அப்புறம் பர்மனென்ட், இல்லையென்றால் வீடு.

ஆபரேஷன் தியேட்டரில் கிருமியைக் கொல்ல ஓர் அல்ட்ரா வயலட் விளக்கு எரியும். அது அணைந்தபின் கிருமி மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கறிச்சாறும் கடல்பாசியும் உறைந்த கண்ணாடித் தட்டைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்து, மூடி எடுத்து வருவேன். கிருமி இருந்தால் இரண்டு நாளில் புள்ளி புள்ளியாக வளரும்.

அந்த ஆடியில் ஒவ்வொரு தட்டிலும் ஆரஞ்சுப் புள்ளிகள்!

டாக்டர் கொதித்துவிட்டார். "இன்னாம்மா இது? லைட்டுக்கே சாவாத கிருமி எங்கனா உண்டா? எல்லாம் உன் கையில இருந்து வர்றதுதான். நான் எப்டி பர்மனென்டுக்கு கையெழுத்து போடறது?"

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. என் கையையா சொல்கிறார்?

தியேட்டர் ஜன்னல் கட்டையில் விரலை வைத்தேன். சயனைட் மண். நிழலே இல்லாத மேட்டில் வருஷம் முழுக்க வெயிலில் கிடந்த மண்... அதில் பிழைத்த கிருமிக்கு இந்த விளக்கு எம்மாத்திரம்?

ஒரு தட்டில் கழுவாத விரலை அழுத்தினேன். இன்னொன்றில் மேட்டு மண்ணைக் கரைத்துத் தெளிந்த நீரை விட்டேன். இரண்டையும் விளக்கின் கீழ் வைத்தேன்.

இரண்டிலும் கிருமி வளர்ந்தது. மானம் போயிற்று. "பாத்தியா, உன் கைக்கிருமியும்தான் சாவல," என்று டாக்டர் சிரித்தார்.

மறுநாள் வார்டில் ஸ்டெல்லா சிஸ்டர், எலும்பு வலுக்காத குழந்தைகளுக்கு வெயில் காட்ட ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தாள். "இந்தக் காத்துல ஏன் திறக்கறே?" என்றேன்.

"கண்ணாடி வழியா வர்ற வெயில்ல சத்து இல்லியாம்டி. டாக்டரே சொன்னாரு."

எனக்குப் பொறி தட்டியது. தட்டுகளைக் கண்ணாடி மூடியோடு அல்லவா வைத்திருந்தேன், மடச்சி! வெயிலின் சத்தும் இந்த அல்ட்ரா வயலட்தானே, அதைக் கண்ணாடி உள்ளே விடவே இல்லை.

மூடியை எடுத்துவிட்டு மறுபடி செய்தேன். இரண்டு நாள் மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தேன்.

என் விரல் வைத்த தட்டு துடைத்துவிட்டது போல் சுத்தம். மண் தட்டில் மட்டும் ஆரஞ்சு!

டாக்டர் இரண்டு தட்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிம்மா... ஜன்னல் இடுக்கெல்லாம் அடைக்கச் சொல்றேன்." அடைத்ததும் புள்ளிகள் நின்றன. கையெழுத்தும் விழுந்தது. அப்பா மைன் ஷிப்ட் முடிந்து வந்து, லைன் முழுக்க வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்துதான் குளித்தார்.

போன வாரம் போனில் படித்தேன். உயர்ந்த மலை ஏரிகளில் கடும் அல்ட்ரா வயலட்டைத் தாங்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றனவாம். நிறத்தையே குடையாகப் பிடித்துக்கொள்ளுமாம், உள்ளே கிழிந்ததைத் தானே தைத்துக்கொள்ளுமாம். அட, நம்ம ஊர்க்காரங்க!

மைன் மூடி வருஷக்கணக்காகிவிட்டது. ஸ்டெல்லாவும் இல்லை. மேடு மட்டும் அப்படியே நிற்கிறது, ஆடியில் மண்ணும் வருகிறது.

சாப்பிட உட்கார்ந்தால் மருமகள் கேட்கிறாள், "அத்தே, கை கழுவினீங்களா?"

"இது டெஸ்ட்ல பாஸான கைம்மா," என்கிறேன்.