அண்ணனின் பெட்டி உறுமும் வரை

வாடிப்பட்டியில் பிறந்து கோச்சடையில் கண்மூடிய எங்கள் அண்ணனைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுத, வீட்டில் வாய் அதிகம் உள்ளவன் என்ற ஒரே தகுதியில் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்பா போன பிறகு தம்பி தங்கைகளைப் படிக்கவைத்துக் கரையேற்றியவர் அண்ணன். பகலில் மில் வேலை. மாலையில் கச்சேரிகளில் கிட்டார். ஆம்ப்ளிஃபயர் வாங்க வசதியில்லாததால், பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்து அவரே ஒரு பெட்டி செய்துகொண்டார். உள்ளிருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடேறிச் சிவந்த பிறகுதான் அது வாய் திறக்கும். திறந்தால் கொட்டாம்பட்டித் திருவிழாக் கூட்டமும் வாய் மூடும்.

அவர் கோபப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை. அந்தப் பெட்டியின் மேல் யாராவது காபி டம்ளரை வைத்தால் மட்டும் பார்த்திருக்கிறோம்.

ஆசுபத்திரியில் அவர் தம் மகள் பவித்ராவிடம் கடைசியாகக் கேட்டது, "அந்தப் பெட்டியில வாசிப்பியாத்தா?" என்பதுதான். முதலாண்டு நினைவு நாளில் வாசிப்பதாக அவள் முடிவு செய்தாள். "அதுக்கென்ன, சித்தப்பா இருக்கேன்ல" என்று நானும் வீரமாகச் சுவிட்சைப் போட்டேன். முனகல்கூட இல்லை. நான்கு வால்வுகளில் இரண்டு சிவக்கவே இல்லை. மதுரையில் விசாரித்த கடைகளிலெல்லாம், "வால்வு செட்டா? விடுங்கண்ணே, புதுசா ஒண்ணு வாங்கிக்கங்க" என்றார்கள்.

மலர் அச்சுக்குப் போகும் வாரம் வந்துவிட்டது. வேறு வழியின்றி நானே பெட்டியைத் திறந்தேன். பல்பு மாற்றவே நல்ல நேரம் பார்க்கிற ஆள் நான். அண்ணன் சொன்னது காதிலேயே கிடந்தது: "பிளக்கப் புடுங்கிட்டாலும் உள்ள கரண்ட் கெடக்கும்டா. ஆளையே தூக்கிரும். மொதல்ல அத எறக்கணும். ஒரு கை உள்ள போனா இன்னொரு கை முதுகுக்குப் பின்னால போயிரணும்."

பிளக்கைப் பிடுங்கி, அதற்கென்றே அவர் செய்துவைத்திருந்த குச்சியால் மின்சாரத்தை இறக்கினேன். மீட்டர் பூஜ்யம் காட்டியது. நம்பாமல் மறுபடியும் இறக்கினேன். என் இடது கையையும் நம்ப முடியவில்லை. அண்ணனின் துண்டால் அதை முதுகோடு கட்டச் சொன்னேன், மதினியிடம்.

"கையக் கட்டிட்டேன் தம்பி. வாயவும் கட்டிரவா?"

அண்ணன் போன பிறகு மதினி சொன்ன முதல் கிண்டல் அது. எனக்குத்தான் சிரிக்கத் தெம்பில்லை. மூக்கில் வேர்வை ஊறியது, சொறியக் கையில்லை. அழகருக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். என் தலையில் மிச்சமிருப்பது அவருக்கும் பெரிய வரும்படியில்லை. கம்பிகளையே வெறித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் புரியவில்லை. ஆசுபத்திரியிலும் இப்படித்தான், அண்ணனைச் சிரிக்கவைத்ததைத் தவிர என்னால் எதுவும் முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

கடைசியாக, சிவக்காத வால்வு ஒன்றை உருவினேன். அதன் அடியிலிருந்த கம்பிக் கால்களில் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. முகர்ந்தேன். சந்தனம்.

டார்ச் பிடித்திருந்த மதினியின் கை தாழ்ந்தது.

"நாந்தான் வச்சேன். துக்க வருசம், ஆயுத பூசை கெடையாதுன்னாக. வருசா வருசம் இதுகள ஒவ்வொண்ணாக் கழட்டி, உச்சியில பொட்டு வச்சு மாட்டுவாரு. இந்த வருசம் வெறுமனே கெடக்குதேன்னு யாருக்கும் சொல்லாம வச்சேன். உச்சியில வைக்கிறது அவரு உரிமை. நான் கால்ல வச்சுக் கும்பிட்டேன்."

சிவக்காத இன்னொன்றையும் உருவினேன். அதன் கால்களிலும் அதே சந்தனம்.

மதினி வால்வுகளைப் பிடித்துக்கொள்ள, ஒற்றைக் கையால் கால்களையும் அவை நுழையும் துளைகளையும் ஸ்பிரிட் தொட்டுத் துலக்கினேன். நன்றாகக் காயவைத்து, அததை அததன் இடத்தில் மாட்டிப் பெட்டியை மூடினேன். மதினிதான் சுவிட்சைப் போட்டார். நான் வாசற்படிக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

கண்ணைத் திறந்தபோது, பெட்டியின் பின்பக்க வலைக்குள் நான்கும் சிவந்திருந்தன. மெல்ல அந்தப் பழைய உறுமல் எழுந்தது. கிட்டாரை மாட்டாவிட்டாலும் வருகிற சத்தம் அது. அதை நிறுத்தச் சொல்லி அண்ணனோடு மதினி போடாத சண்டையில்லை.

அணைக்கப் போனேன்.

"அணைக்காதீங்க தம்பி. கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."

பெட்டியருகே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் கையை அவிழ்த்துவிடச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

அண்ணனின் கடைசி நாட்களில் உடனிருந்தவர்களுக்கும், காரியங்களுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், இன்று வந்து அமர்ந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பவித்ரா வாசிப்பதற்கு முன்னும் பின்னும் பெட்டியிலிருந்து ஓர் உறுமல் வரும். கோளாறு என்று நினைத்து யாரும் எழுந்து வந்து அணைத்துவிட வேண்டாம். மதினி கேட்டுக்கொண்டிருப்பார்.