கம்பு நட்ட இடத்தில் மட்டும்

எம்.கே.பி. நகர் குடியிருப்பில், எங்கள் பிளாக்கில் எம்.எஸ்ஸி. வரை படித்தவள் அப்போது நான் ஒருத்திதான். தாவரவியல். வேலை கிடைத்ததும் அம்மா, “இன்னா வேலடி?” என்று கேட்டாள். எண்ணூர் கழிமுகத்தில் செடி எண்ணுகிற வேலை என்றேன். “சேத்துல எறங்கவா இவ்ளோ படிச்ச?” என்றாள். ஆனால் கீழ்வீட்டு அக்காவிடம், “எம் பொண்ணு எண்ணூர்ல ஆபீசரு” என்று சொல்லியிருந்தாள்.

அந்த வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு கம்பெனி, கழிமுகத்தை ஒட்டிய கெட்டுப்போன சதுப்பு நிலத்தை எடுத்து, அடைத்துக் கிடந்த ஓடையைத் தோண்டிவிட்டு, அலையாத்திச் செடிகளை நட்டு வளர்க்கிறது. அதற்குப் பதிலாக அதன் கணக்கில் ‘கிரெடிட்’ சேரும். வேறு எங்கேயாவது சதுப்பை மூடிக் கட்டடம் எழுப்ப விரும்புகிற இன்னொரு கம்பெனி அந்த கிரெடிட்டை வாங்கிக்கொண்டால் மூடலாம். இங்கே அழிவதற்கு அங்கே வளர்வது ஈடு. அதனால் எங்கள் ஆபீசில் அந்த நிலத்தை ‘பேங்க்’ என்றுதான் சொல்வோம்.

அரசு அதிகாரிகள் கிரெடிட்டை ஒரேயடியாக விட மாட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் செடிகள் பிழைத்திருக்கின்றனவா என்று பார்த்து, பிழைத்திருந்தால் ஒரு பங்கை விடுவிப்பார்கள். பார்த்துச் சொல்கிற வேலையை ஒரு சின்ன ஆலோசனை நிறுவனம் எடுத்திருந்தது. அந்த நிறுவனத்தின் ஆள் நான். சேற்றில் அங்கங்கே நான்கு மூலையிலும் கம்பு நட்டு, மஞ்சள் கயிறு கட்டிய சதுரங்கள் இருக்கும். முழு நிலத்தையும் எண்ண முடியாது என்பதால் அந்தச் சதுரங்களுக்குள் மட்டும் எண்ணுவோம். பத்துக்கு ஏழு செடி உயிரோடு இருந்தால் போதும்.

இரண்டாம் வருட எண்ணிக்கைக்கு நான் போனது மாசி மாதக் காலை. தண்ணீர் வற்றியிருந்தது. முதல் சதுரத்தில் எல்லாச் செடிகளும் பச்சையாக நின்றன. இரண்டாவதிலும் அப்படியே. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது சதுரத்துக்குப் போகும் வழியில்தான், கயிற்றுக்கு வெளியே இருந்தவற்றைக் கவனித்தேன். கறுத்த குச்சிகள். ஒடித்தால் உள்ளேயும் ஈரமில்லை. கண்ணுக்கு எட்டிய வரை குச்சிகள்தான்.

திரும்பிப் போய் முதல் சதுரத்தில் ஒரு செடியின் அடியில் விரலை விட்டேன். சேற்றுக்குள் செம்மண் தட்டுப்பட்டது. நர்சரிப் பையில் நிரப்புகிற மண். வேர் இன்னும் அந்த உருண்டையை விட்டு வெளியே வரவே இல்லை.

செடி நடும் கூலி வேலைக்குப் பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் வருவார்கள். அவர்களில் ஒரு அக்கா கொஞ்சம் தள்ளி, ஓடையின் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். நான் செடியின் அடியில் தோண்டுவதைப் பார்த்துவிட்டுக் கரையேறி வந்தாள். பறியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“இன்னா மேடம் தேடுற?”

“ஒண்ணுமில்லக்கா.”

“போன வாரம் நட்டது அது. நாங்கதான் நட்டோம். கம்பு நட்ட எடத்துல மட்டும் நட சொன்னாங்கோ. வெளிய நட வேணாம்னாங்கோ. எதுக்குன்னு கேட்டேன், சொல்லல. செத்தத புடுங்கி ஓரமா பள்ளத்துல போட்டுக்கீறோம், வந்து பாக்குறியா?”

நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். போய்ப் பார்த்தேன். குவியலாகக் கிடந்தது.

எங்கள் ஆபீஸ் பெரியவருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அவர் அன்பானவர். என்னைத் தவிர யாரையும் களத்துக்குத் தனியாக அனுப்ப மாட்டார். நான் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு, “சதுரத்துக்குள்ள இருக்கிற செடி உயிரோட இருக்கா இல்லையாம்மா?” என்றார்.

“இருக்கு சார்.”

“அதைத்தான் படிவத்துல கேட்டிருக்காங்க. எப்ப நட்டதுன்னு கேள்வியே இல்லையே. நீங்க பார்த்ததை எழுதுங்க. பார்க்காததை எழுத வேண்டாம்.” போனை வைக்கும் முன், “அடுத்த வருஷம் இந்த டீமை நீங்கதான் பார்த்துக்கணும்” என்றார்.

என்னை யாரும் மிரட்டவில்லை. எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுதும்போது இன்றும் முகம் சுடுகிறது.

படிவத்தை நிரப்பி, அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்றும் எழுதினேன். விடுவிக்கப்படும் கிரெடிட் எந்த இடத்துக்குப் போகிறது என்ற வரைபடம், படிவம் வந்த மெயிலிலேயே இணைக்கப்பட்டிருந்தது. நான் திறக்கவில்லை.

சித்திரையில் பேங்க் நிலத்துக்குப் போனபோது அந்த அக்கா இன்னும் மூன்று பெண்களோடு சாலையோர டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தாள். இதற்குள் எங்களுக்குள் பழக்கமாகியிருந்தது. ஆபீசில் பேசுகிற தமிழை விட்டுவிட்டு எங்கள் பிளாக்கில் பேசுகிற மாதிரி அவளிடம் பேசுவேன். அவளும் மேடத்தை விட்டுவிட்டுக் கண்ணு என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

“கண்ணு, எங்க பக்கம் லாரி லாரியா மண்ணு கொட்றாங்கோ. நான் எறா தடவுற எடம் பூரா மூடிகினு வர்றாங்கோ. கேட்டா பர்மிசன் கீதுன்றாங்கோ. நீ நல்லா எழுதுவியே, கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடேன்.”

எந்த இடம் என்று கேட்டேன். சொன்னாள். அன்றுதான் போனில் அந்தப் பழைய மெயிலைத் தேடி வரைபடத்தைத் திறந்தேன். அதே இடம்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மனு எழுதினேன். அந்தப் பெண்கள் எந்த மாதத்தில் எங்கே இறால் தடவுவார்கள், எந்த ஓடை வழியாகத் தண்ணீர் ஏறும், அது அடைபட்டால் குப்பத்துக்குள் எப்படி வெள்ளம் வரும் என்று ஒன்று விடாமல் எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான் என்று நினைக்கிறேன். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா ஒரு டிபன் பாக்ஸ் நிறைய இறால் கொடுத்தாள். அம்மா அதைத் தொக்கு செய்தாள். சாப்பிட்டேன்.

ஆடியில் பதில் வந்தது. அக்கா தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. தன் பெயரை மட்டும் எழுதுவாள். நான் படித்தேன்.

“மேற்படி நிலத்திற்கு ஈடாக வளர்க்கப்படும் அலையாத்திச் செடிகள் செழிப்பாக உள்ளன எனக் கள ஆய்வில் உறுதி செய்யப்பட்டுள்ளது.”

அக்கா சிரித்தாள். “செயிப்பாவா? நாங்க நட்டுகினு வந்தோமே, அதுவா? யாரு உறுதி பண்ணதாம்?”

பின்பக்கம் என் அறிக்கையின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. என் பெயர், என் படிப்பு, என் கையெழுத்து.

“ஆபீஸ்ல யாரோ ஒருத்தரு, அக்கா.”

“பேரு போடலியா?”

“இல்லக்கா.”

அவள் கடிதத்தை வாங்கி மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகாமல் இருக்க ஆபீசில் ஏதேதோ காரணம் சொன்னேன். திருவொற்றியூர் வரை போய் ஷேர் ஆட்டோவில் ஏறாமல் திரும்பிய நாளும் உண்டு. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“அக்கா, அந்தக் கையெழுத்து...”

“தெரியும். நீ போன அன்னிக்கே என் மருமவ படிச்சிட்டா.”

நான் நின்றுகொண்டிருந்தேன்.

“நானுந்தான் கூலி வாங்கிகினு நட்டேன். அது தப்புதான். ஆனா உன்னாண்ட வந்து சொன்னேன்ல? நீ கேக்காமலே சொன்னேன். நீ என் வூட்ல குந்திகினு, என் மூஞ்சப் பாத்துகினு, பேரு இல்லன்ட்ட. அதத்தான் என்னால...” அவள் முடிக்கவில்லை. மீனைத் திருப்பிப் போட்டாள். “இப்ப இன்னாத்துக்கு வந்த?”

“அந்த அறிக்கை தப்புன்னு எழுதி அனுப்பப் போறேன்.”

“தமிழ்ல எழுது. என் மருமவ படிக்கட்டும். நான் கேட்டப்புறம் அனுப்பு.”

நான் படித்துக் காட்டினால் அவள் நம்பமாட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து எழுதினேன். மருமகள் வந்து சத்தமாகப் படித்தாள். ஒரு இடத்தில் அக்கா கையை உயர்த்தினாள்.

“‘தெரியவந்தது’ன்னா? யாரு சொல்லித் தெரிஞ்சிது? நான் சொன்னேன்னு போடு.”

“உங்களுக்குக் கூலி வேலை போயிடும்க்கா.”

“போடு.”

போட்டேன். மருமகள் தொடர்ந்து படித்தாள். “கவனக்குறைவால் கையொப்பமிட்டுவிட்டேன்” என்ற வரி வந்ததும் அக்கா என்னைப் பார்த்தாள்.

“கவனக்குறைவா அது?”

கடிதத்தை வாங்கி அந்த வார்த்தையை அடித்தேன். ‘தெரிந்தே’ என்று மேலே எழுதினேன். அதை எழுத எனக்கு நேரம் பிடித்தது.

கடிதத்தைச் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அனுப்பினேன். ஆபீஸ் பெரியவர் கத்தவில்லை. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்று மட்டும் சொன்னார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். புரட்டாசியில் அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தார்கள். சதுரங்களுக்கு வெளியே செத்துக் கிடந்தவற்றை நான் காட்டினேன், பள்ளத்தை அக்கா காட்டினாள். அடுத்த பங்கு கிரெடிட்டை நிறுத்தி வைத்தார்கள். பேங்க் நிலம் முழுவதும் திரும்ப நட வேண்டும் என்று உத்தரவானது.

ஏற்கெனவே விடுவித்த கிரெடிட் விடுவித்ததுதான். அதைத் திரும்ப வாங்க வழியில்லை என்றார்கள். அதற்குள் அங்கே மண் கொட்டி முடித்து, சுற்றுச்சுவர் எழுப்பி, கேட் போட்டிருந்தார்கள். அக்கா இப்போது கொழுந்தனின் படகில் ஆற்றைக் கடந்து அக்கரையில் இறால் தடவுகிறாள். போக வர அரை நாள் போய்விடுகிறது. நடவு வேலைக்கு அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.

நான் தண்டையார்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறேன். வேலை ஏன் போயிற்று என்று அம்மா கேட்டபோது, கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்றேன். கீழ்வீட்டு அக்காவிடம் அவள் அதை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது மாடிப்படியில் எனக்குக் கேட்டது. இறங்கிப் போய் இல்லையென்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.