தையல் டீச்சரின் ஆயில் பில்டர்

சூடான இஞ்சின் எண்ணெயில் ஊறிய பிளானல் துணிக்கு ஒரு தனி நாற்றம் உண்டு. தீய்ந்த கடலை எண்ணெயும் மழையில் நனைந்த கம்பளியும் சேர்ந்தாற்போல் இருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது. எண்பதுகளின் நடுவில் நாங்கள் திண்டிவனத்தில் இருந்த வீட்டில் அந்த நாற்றம் அம்மாவின் தையல் மெஷின் மேலேயே குடியிருந்தது. அம்மா, கன்னியர் நடத்திய பள்ளியில் தையல் டீச்சர். அவளுடைய அப்பா விட்டுப்போன, வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்று எங்கள் வாசலில் நின்றது. அதன் இஞ்சினில் எண்ணெயை வடிகட்டுவதற்கு ஓர் இரும்புக் குவளையும் அதற்குள் ஒரு துணிப்பையும் உண்டு. அந்தப் பை கடையில் கிடைக்காமல் போய் வெகுகாலம் ஆகியிருந்ததால், அம்மாவே பிளானலை வெட்டித் தைத்துப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா சவூதியில் கிரேன் ஓட்டினார். எழுதச் சோம்பல் என்பதால் பேசிப் பதிந்த கேசட்டுகளை ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார். மூன்று வருடம் கழித்து விடுமுறையில் வரப்போவதைச் சொன்ன கேசட்டின் கடைசியில், "அந்த டப்பாவ வித்துடு பிலோமி. ஏர்போர்ட்டுக்கு வாடகக் காரு வச்சிக்கினு வா" என்றிருந்தது. அம்மா அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு டேப் ரெக்கார்டரை நிறுத்திவிட்டு, யாரோ கூப்பிட்டது போல வாசலுக்குப் போய் காரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. சோறு வெந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போய் பானெட்டைத் திறப்பாள், ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் நடுவில் விரலால் பெஞ்சில் தாளம் போடுவாள்.

காரணம் இருந்தது. அவள் தைத்த பை உள்ளேயே கிழிந்து, நூல் பிசிறு எண்ணெய் போகும் வழியை அடைக்கத் தொடங்கியிருந்தது. எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் முள் நாளுக்கு நாள் இறங்கியது. இஞ்சினில் 'டக், டக்' என்று ஒரு சத்தம். இந்த நிலையில் சென்னைக்கு எடுத்துப்போனால் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் இஞ்சின் "ஜாம்" ஆகிவிடும் என்று மெக்கானிக்குகள் கையை விரித்தார்கள். அப்போது புதிதாக வந்திருந்த வேன்களில், தகர டப்பா போன்ற பில்டரை மூடி திருகுவதுபோலத் திருகி மாட்டி, அழுக்கானதும் கழற்றி எறிந்துவிடுவார்கள். அதையே நம் காருக்கும் மாட்டுவது என்று அம்மா முடிவு செய்தாள். பழைய இஞ்சினின் வாயும் புதிய டப்பாவின் மரையும் பொருந்தாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இரும்பு வட்டு கடைந்து வைக்கவேண்டும். விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்த கபீர் பாய், "இதெல்லாம் ஒரு வேலயா டீச்சரம்மா" என்று சொல்லிக் கடைந்து, தாமே பஸ் ஏறி வந்து மாட்டியும் கொடுத்தார்.

இஞ்சின் ஓடியது. முள் அசையவில்லை.

"முள்ளு பழசு டீச்சரம்மா, தூங்கிக்கினு இருக்குது. நீங்க எடுங்க, ஜோரா போவும்" என்றார் பாய்.

அம்மா சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினாள். "முள்ளு தூங்குதா, எண்ண வரலயான்னு தெரியாம நான் எடுக்க மாட்டேன் பாய்."

பில்டரைக் கழற்றி, நடுத்துளையில் வாய் வைத்து, கன்னம் புடைக்க ஊதினாள். காற்று போகவில்லை. மேலுதட்டில் கரிய எண்ணெய் மீசைபோல் படிந்திருந்ததை நான் சொல்லத் துணியவில்லை. உள்ளே போய்க் குரோஷா ஊசியைக் கொண்டுவந்து, ஓரத்தில் வட்டமாக இருந்த சின்னத் துளைகளில் ஒன்றில் விட்டு அழுத்தினாள். உள்ளே ஒரு ரப்பர் மடிப்பு விலகிக்கொடுத்து, ஊசியை எடுத்ததும் மூடிக்கொண்டது. ஓரத்துளைகளின் வழியே நுழையும் எண்ணெய் நடுவில் வெளியேற வேண்டும். எதிர்ப்பக்கமாக வந்தால் ரப்பர் கதவு சாத்திக்கொள்ளும். எங்கள் வட்டு எண்ணெயை நடுத்துளைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது.

"அட, கதவு வச்சிக்கிறான்யா!" என்று பாய் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "துணிப்பைக்கு எந்தப் பக்கம் வந்தா இன்னா, அதே நெனப்புல ஓட்ட போட்டுட்டேன். நாளிக்கு வாங்க, புதுசே கடஞ்சி தர்றேன்."

மறுநாளை விட்டால் அதற்கடுத்த காலையில் அப்பாவின் விமானம். நானும் அம்மாவும் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். கூட்டேரிப்பட்டில் டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது, தானே வண்டியை எடுத்துவிடுவாள் போல அம்மா ஸ்டியரிங்கையே பார்த்தாள். விழுப்புரம் போய்ச் சேர்ந்தால், பட்டறையில் கரண்டு இல்லை. பாதி கடைந்த வட்டு லேத்தின் வாயில் நின்றது. அம்மா வாசலுக்கும் லேத்துக்குமாக நடந்தாள்.

"செத்த உக்காருங்க டீச்சரம்மா. நீங்க நடக்கறதப் பாத்து எனக்குப் பேஜாரா கீது."

"உக்காந்தா கரண்டு வந்துடுமா பாய்?"

எனக்கு உள்ளூர ஒரு பயம்: விற்கச் சொன்ன காரில் போய் நின்று, அதுவும் வழியில் படுத்துக்கொண்டால், மூன்று வருடம் கழித்து வரும் அப்பா முதல் நாளே சண்டை போடுவார். கரண்டு வராமலே போகட்டும் என்றுகூட நினைத்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டிக் கரண்டு வந்தது, பாய் வட்டைக் கடைந்து முடித்தார். பொழுது சாய்வதற்குள் வீட்டில் அம்மாவே வட்டை வைத்து, பில்டரைத் திருகி, சாவியைப் போட்டாள். முள் ஒரு கணம் நடுங்கிவிட்டு மேலே ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

விடியும் முன் கிளம்பி மீனம்பாக்கம் சேர்ந்தோம். கயிறு கட்டிய பெட்டியோடு வெளியே வந்த அப்பா, கேசட்டில் கேட்ட குரலைவிட ஒல்லியாக இருந்தார். காரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இத இன்னும் விக்கலயா நீ?"

"ஏறுங்க."

"சரி, எறங்கு. நான் ஓட்டறேன்."

"அங்க ரோட்டுக்கு வலப்பக்கமா ஓட்டிப் பழகின கை. உக்காருங்க."

அப்பா இடப்பக்கம் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டே வந்தார். 'டக், டக்' கேட்கவில்லை. மதுராந்தகம் ஏரிக்கரையில் நிறுத்தச் சொல்லி பானெட்டைத் திறந்தார். வெள்ளை டப்பாவைப் பார்த்துக் குனிந்து, எண்ணெய் கசிகிறதா என்று வட்டின் அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது.

"யாரு மாட்டனது?"

"நான்தான். வட்டு விழுப்புரத்துல கடஞ்சது."

அப்பா விரலை மறுபடியும் பார்த்தார். "அடிப்பாவி" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தவர், திண்டிவனம் வரைக்கும் தூங்கிக்கொண்டே வந்தார். அந்த விடுமுறை முழுக்க விற்கிற பேச்சை அவர் எடுக்கவில்லை. திரும்பப் போகும்போதும் அம்மாதான் கொண்டுபோய் விட்டாள்.

கபீர் பாயின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடைகள். கூட்டேரிப்பட்டு பாலத்துக்கு அடியில் போய்விட்டது. அப்பா வேலையை விட்டு வந்துசேர்ந்த பிறகு, காரைக் கோயம்புத்தூரில் பழைய கார் சேர்க்கிற ஒருவர் வாங்கிப் போனார். அப்பாவும் இல்லை. போன மாதம் அம்மாவிடம், அந்தக் கார் மேல் உனக்கு அவ்வளவு ஆசையா என்று கேட்டேன்.

"காரு மேல எனக்கு இன்னாடி ஆச?" என்றாள். "ரெண்டே மாசத்துல திரும்பிப் போற ஆளு. வாடகக் காருல இட்டுக்கினு வந்தா விருந்தாளிய இட்டுக்கினு வர்ற மாதிரி இருக்கும். ஊட்டுக்கு வர்றவரு, ஊட்டு வண்டில வரட்டும்னு நெனச்சேன்."