ரயில் போகட்டும்

பழைய கணினியின் மூடியைக் கழற்றியதும் உப்பும் சூடேறிய தூசியும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. வெள்ளவத்தையில் கடலுக்கு இவ்வளவு கிட்டக் குடியிருந்தால் கதவுப் பிணைச்சலே துருப்பிடிக்கும், கணினி எம்மாத்திரம். இரண்டு நாளாக இதில் லினக்ஸ் இயங்குதளம் ஏற்றப் பார்க்கிறேன். பாதி வழியில் திரை அப்படியே நின்றுவிடுகிறது. புதிதாக ஒன்று வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம்தான். ஆனால் பழுதானால்தானே ஜெசிந்தாவைக் கூப்பிட ஒரு சாட்டுக் கிடைக்கும். வீட்டில் என்னைத் தவிர ஆளில்லாமல் போய் நாளாகிவிட்டது.

ஒருகாலத்தில் ஜெசிந்தாவும் நானும் கொள்ளுப்பிட்டியில் ஒரே கந்தோரில் வேலை, பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் வீடு கொட்டாஞ்சேனை. கந்தோர் கழித்துவிட்ட கணினிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிவந்தோம். லினக்ஸ் இலவசம் என்று யாரோ சொன்னதை நம்பி இறங்கிய இரண்டு மேதாவிகள். உண்மையில் இலவசமாகக் கிடைத்தது தலையிடிதான்.

அப்போது வீட்டில் ஒரே தொலைபேசி இணைப்பு. இணையத்தில் இருந்தால் பேச முடியாது. அதனால் என் திரையில் வந்த பிழைச் செய்தியை எழுத்தெழுத்தாக அவளுக்கு வாசிப்பேன். அவள் போனை வைத்துவிட்டு இணையத்தில் தேடி, திரும்ப எடுப்பாள். நடுவில் கடற்கரை ரயில் வந்துவிடும். "பொறடி, ரெயின் போகட்டும்" என்பேன். அவள் பக்கம் மாதா கோயில் மணி அடித்தால் நான் பொறுப்பேன். ஒன்றும் பேசாமல் இருவரும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருப்போம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஒருநாள் சொன்னாள்: "எடி, மெமரியைக் கழட்டி, அதின்ர அடியில இருக்கிற மஞ்சள் பல்லை பென்சில் அழிறப்பரால தேய்."

"என்ன, பகிடி விடுறியே?"

"இல்லையடி, கடல் காத்துக்கு அது கறுத்துப்போயிருக்கும்."

தேய்த்தேன். வேலை செய்தது. "வந்திட்டுதடி!" என்று நான் போனில் போட்ட கூச்சலில் அப்பா சவர நுரையோடு ஓடிவந்தார்.

இப்போது அவள் மெல்பேர்னில். பிறந்தநாளுக்குப் பூப்படம் அனுப்புவாள், நானும் ஒரு பூ அனுப்புவேன். அவ்வளவுதான்.

இன்று அவளைக் கேட்க போனைக் கையில் எடுத்தபோதே அழிறப்பர் ஞாபகம் வந்துவிட்டது. தேய்த்தேன். லினக்ஸ் ஒரு முனகலும் இல்லாமல் ஏறி முடிந்தது. எனக்கு அழுகை வந்தது. இனி அவளிடம் கேட்க என்ன இருக்கிறது?

இருந்தும் "வந்திட்டுதடி" என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "என்னடி வந்தது?"

முழுக் கதையையும் எழுதத் தொடங்கினேன். வெளியே ரயில் வந்தது. விரல் தானாக நின்றது. கடைசிப் பெட்டியும் போய்ச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகுதான் உறைத்தது, எழுதுவதற்கு ரயில் போக வேண்டியதில்லை என்று.