போனில் நடந்த குடித்தனம்

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளம் கொடுக்கிறவர் மட்டும்தான் கூப்பிடுவார். காலையில் துணி தேய்க்கிற உருளை மெஷினுக்கு முன்னால் நின்று, ஈரப் படுக்கைவிரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உள்ளே விடும்போதே காதில் போன் ஒயரைச் செருகிக்கொள்வாள். அதன்பிறகு மெஷின் நின்றாலும் நிற்கும், அவள் வாய் நிற்காது. எதிர்முனையில் இருப்பது வேறு யாருமில்லை, கட்டிய புருஷன்தான்.

அவன் இருந்த ஊர் ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரம். ஒரு பெரிய கடைக்கட்டிடத்துக்குப் பின்னால், கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கிற வேலை. கண்ணாடிக் கூண்டு, நாற்காலி, கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறி. பேச்சுத்துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. கல்யாணம் ஆன கையோடு போனவன். எப்போதாவது வந்தால் வீடு கொள்ளாத கூட்டம். இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்ததில்லை. ஆனால் போனில் நடந்தது பாருங்கள், அதுதான் குடித்தனம்! எந்தக் கார்க்காரன் முறைத்தான், மாமியார் எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், ஒன்று விடாது. சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள், பிறக்காத பிள்ளைக்குப் பெயர்கூட வைத்தார்கள்.

“இங்க வந்துடேன்மா. தனியா கிடந்து என்னத்தக் கண்டேன்?” என்று அவன் சொல்லாத நாளில்லை.

பாய்லர் பழுதாகிச் சலவைக்கூடத்துக்கு ஒரு வாரம் லீவு விட்டார்கள். ரேடியோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமியாரிடம், புருஷன் ஊருக்கு ஒரு வாரம் என்றுதான் சொன்னாள். விரிப்புகளை மடிக்கிற அக்காவுக்கு மட்டும் பையைப் பார்த்ததும் சந்தேகம்.

“ஏன்டி, ஒரு வாரத்துக்கு இம்மாம் பெரிய பையா?”

“திரும்பி வந்தாத்தானேக்கா!”

அக்கா மூக்கின்மேல் விரலை வைத்தாள். வருகிறேன் என்று சொன்னாளே தவிர, அங்கேயே இருந்துவிடப் போவதைப் புருஷனிடமும் அவள் மூச்சு விடவில்லை. நேரில் போய், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்று ஆசை.

ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். பையை வாங்கிக்கொண்டான்.

“ட்ரெயின்ல கூட்டமா?”

“அவ்வளவா இல்ல.”

“சாப்பிட்டியா?”

“ம்.”

அவ்வளவுதான். பஸ்ஸில் அறை வரைக்கும் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். வெட்கமாக இருக்கும் என்று அவளே காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. கூட இருந்த ஆளை வேறெங்கோ அனுப்பிவிட்டுச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தான். அவளுக்கென்று புதுத் தலையணை, விலைச்சீட்டு கூடக் கிழிக்காத துண்டு, புதுக் கப். கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் தரையில் விரித்துக்கொண்டான். மின்விசிறியைக் குறைப்பதற்கும் அனுமதி கேட்டான். விருந்தாளியை இதற்குமேல் யாராலும் கவனிக்க முடியாது. அதுதான் அவளுக்கு இடித்தது.

மாமியாரும் பக்கத்துவீட்டுக்காரியும் குழாயடியில் மோதிய கதையைச் சொல்லிப் பார்த்தாள். போனில் இதே கதைக்கு அவன் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். இப்போது “அப்படியா” என்றான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். அவளுக்கும் சும்மா சொல்லக்கூடாது, அதே அவஸ்தைதான். காதில் இத்தனை வருஷம் இருந்த ஆள் ஒருவன். முன்வழுக்கை விழுந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இவர் யாரோ ஒருவர். ஊர் வாயையெல்லாம் அடைக்கிற ரேடியோவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம், “டீ வாங்கிட்டு வரேன்” என்று ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு இறங்கினான். போன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“பன்னு வாங்கவா, பிஸ்கட்டா?”

“எதுவானாலும் சரி.”

“பன்னு வேண்டாம். எடுத்து அடிச்சா கார் கண்ணாடியே உடையும்!”

அவள் குபீரென்று சிரித்தாள். சிரித்த கையோடு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதோ, இவன்தான் அவள் புருஷன். பேச்சு மடை திறந்துகொண்டது.

“வந்ததுலேருந்து ஏன்மா உம்முனு இருக்கே?”

“நல்லாயிருக்கே கதை! நீங்கதான் வாயே தொறக்கல.”

“என்னமோ தெரியல. போன்லன்னா தானா வருது.”

பேசிக்கொண்டே ஜன்னலுக்கு வந்தாள். கீழே டீக்கடைக்கு எதிரில் அவன் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான். ஃபிளாஸ்க் கக்கத்தில். ஒரு கை காற்றில் ஆடியது. தலை சாய்த்துச் சிரித்தான். தன்னோடு பேசும்போது அவன் எப்படி இருப்பான் என்று அவள் இத்தனை வருஷத்தில் பார்த்ததே இல்லை. கண் நிறையப் பார்த்தாள். அவன் மேலே நிமிரவில்லை. இவ்வளவு அழகாகச் சிரிக்கிற மனுஷனிடம் கேட்பதற்கு என்ன பயம் என்று தைரியம் வந்தது.

“ஏங்க, நான் திரும்பிப் போகல. இங்கேயே இருந்துடட்டுமா?”

நடை நின்றது.

“அட, இதையெல்லாம் கேக்கணுமா? உன் வீடும்மா இது. தாராளமா இரு!”

குரலில் ஒரு பிசிறு இல்லை. சர்க்கரையாக இனித்தது. கீழே அவனோ, பூட்டிக் கிடந்த கடையின் படியில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வீட்டில் சாவு விழுந்த சேதி கேட்டவனைப் போல இருந்தான்.

“அலமாரியில ஒரு தட்டு காலி பண்ணித் தரேன். நாளைக்கே ஓனர்கிட்ட சொல்லிடறேன்,” என்று காதில் குரல் உற்சாகமாகப் போய்க்கொண்டிருந்தது. கீழே அவன் சட்டைக்கையால் முகத்தைத் துடைத்தான்.

இன்னொருத்தி இருந்திருந்தால் மயிரைப் பிடித்து உலுக்கியிருப்பாள், தெருவையே கூட்டியிருப்பாள். இங்கே சண்டை போட ஆளே இல்லை. அவன் பொய் சொல்லவுமில்லை. அந்தக் குரலுக்கு அவள் வேண்டும். அதற்குச் சொந்தக்காரனுக்குத்தான் அவள் வேண்டாம். ‘வந்துடேன்’ என்று சொன்ன நாளெல்லாம் இந்தக் கை இந்தத் தலையில்தான் இருந்ததோ?

“சும்மா விளையாட்டுக்குக் கேட்டேங்க. நான் இங்க வந்துட்டா அத்தைய யாரு பாத்துக்குவா?”

கீழே தலையிலிருந்து கை இறங்கியது. எழுந்து நின்றான்.

“அதானே,” என்றான்.

டீயோடு பன்னும் வாங்கி வந்தான். கட்டிலில் அவளும் தரையில் அவனுமாகச் சாப்பிட்டார்கள். பன் மெத்தென்றுதான் இருந்தது.

லீவு முடியும்முன்பே அவள் கிளம்பினாள். அவன் தடுக்கவில்லை. ஸ்டேஷனில் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தான். பெரிய பையை மூச்சு வாங்கத் தூக்கி மேலே வைத்தான். வண்டி நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று அவளுக்கும் தெரிந்ததையே கேட்டான்.

பிளாட்பாரம் கண்ணிலிருந்து மறைவதற்குள் போன் அடித்தது.

“நீ பாட்டுக்கு ஏறி உக்காந்துட்டே. எனக்கு ரூமுக்குப் போகவே மனசு வரல தெரியுமா? அடுத்த லீவுக்கு வா, விடவே மாட்டேன் பாத்துக்க!”

அதே குரல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியும் பயனில்லை, உள்ளே அந்தக் கடைப்படிதான் தெரிந்தது.

“என்னம்மா சத்தத்தையே காணோம்?”

“எங்கயாவது உக்காந்திருக்கீங்களா?”

“இல்லையே, நடந்துட்டுத்தான் இருக்கேன். ஏன்?”

“ஒண்ணுமில்ல,” என்றாள் ரேடியோ. “நீங்க பேசுங்க.”